கன உலோகம் கண்ட மேதை ஹோமி பாபா



'ஹெவி மெட்டல்' என்று சொன்னதும் உங்களில் பாதிப் பேருக்கு எலெக்ட்ரிக் கிட்டாரும், நீள முடியும், காதைப் பிளக்கும் டிரம்ஸும்தான் ஞாபகத்துக்கு வரும். மீதிப் பேருக்கு கெமிஸ்ட்ரி பாடத்தில் வரும் ஈயம், பாதரசம், விஷம், தண்ணீர் மாசு என்ற வரிகள் ஞாபகத்துக்கு வரும். இரண்டும் சரிதான். ஆனால் இந்த ஒரு வார்த்தையோடு ஒரு மாமனிதரின் வாழ்க்கையும் சேர்ந்திருக்கிறது. அந்த வாழ்க்கையின் கடைசி அத்தியாயம் எங்கே எழுதப்படுகிறது தெரியுமா? நம்ம ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் வருகிற கல்பாக்கத்தில்! அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வார்த்தையைப் பார்த்துவிடுவோம்.

தமிழில் இதைக் 'கன உலோகம்' என்கிறோம். கனம் என்றால் எடை. அவ்வளவுதானா? பழைய அழைப்பிதழ்களில் மந்திரி, நீதிபதி பெயருக்கு முன்னால் 'கனம்' என்று போட்டிருப்பார்கள். அங்கே கனம் என்றால் மரியாதை. ஒருத்தன் ரொம்ப ஆட்டம் போட்டால் 'தலைக்கனம்' என்கிறோம். துக்கம் வந்தால் மனசு கனக்குது என்கிறோம். ஒரே சொல் மரியாதைக்கும் திமிருக்கும் துக்கத்துக்கும் பொருந்துகிறது. ஹெவி மெட்டல் என்ற ஆங்கில வார்த்தையும் இப்படித்தான், போன இடமெல்லாம் ஒரு அர்த்தத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

விஞ்ஞானத்தில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் லியோபோல்ட் க்மெலின் என்ற ஜெர்மன் வேதியியலாளர். 1817ல் அவர் உலோகங்களை அடர்த்தியை வைத்து இரண்டு கட்சியாகப் பிரித்தார். கன சென்டிமீட்டருக்கு 5 கிராம் வரை உள்ளவை லேசான உலோகங்கள், அதற்கு மேல் உள்ளவை கன உலோகங்கள். அலுமினியம் 2.7, லேசு. இரும்பு 7.9, ஈயம் 11.3, தோரியம் 11.7, பாதரசம் 13.5, யுரேனியம் 19 – எல்லாம் கனம். பிறகு வந்தவர்கள் கோட்டை 7ல் போட்டார்கள், வேறு எங்கெங்கோ போட்டார்கள். சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் விஷ உலோகம் எல்லாவற்றுக்கும் இதே பெயரை வைத்துவிட்டார்கள். கடைசியில் 2002ல் ஜான் டஃபஸ் என்ற விஞ்ஞானி, இந்த வார்த்தைக்கு நிலையான பொருளே கிடையாது, இது குழப்பத்தைத்தான் உண்டாக்குகிறது என்று சர்வதேச வேதியியல் சங்கத்துக்காக ஒரு அறிக்கையே எழுதினார்!

பீரங்கிக்கும் அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. இசைக்கு வந்தது அதற்கு அப்புறம். 1968ல் ஸ்டெப்பன்வுல்ஃப் என்ற குழுவின் ஒரு பாட்டில் மோட்டார் சைக்கிளின் உறுமலுக்கு இந்த வார்த்தை வந்தது. 1970ல் பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. அவர்கள் இங்கிலாந்தின் பட்டறை நகரமான பர்மிங்ஹாமைச் சேர்ந்தவர்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தபோது, மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒர்க் ஷாப்பில் நிற்கும் நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்!

நம்ம பக்கத்திலேயே ஒரு கன உலோகத்தின் பேரில் ஊர் இருக்கிறது. தினமும் டிரெயினில் தாண்டிப் போகிறோம், கவனிப்பதில்லை. குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பெயர்தான் குரோம்பேட்டை. தோல் பதனிடும் அந்த குரோமியமும் அடர்த்தி 7க்கு மேற்பட்ட கன உலோகமே.

எங்க வீட்டுக் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்க அப்பா ஒரு காயலான் கடையில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே ஈயமா, பித்தளையா, அலுமினியமா என்று சொல்லிவிடுவார். அடர்த்தி என்ற வார்த்தையை நான் டிப்ளமோவில் படித்தேன், அவர் அதை உள்ளங்கையில் வைத்திருக்கிறார். அதனால்தானோ என்னவோ, கன உலோகம் என்றதும் எனக்கு இதை எழுத வேண்டும் என்று ஆசை வந்தது.

இரும்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளை

ஹோமி ஜஹாங்கீர் பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஜஹாங்கீர் வக்கீல். அத்தை மெஹர்பாய், ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையைக் கட்டி எழுப்பிய டாட்டா குடும்பத்தின் சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி. வீட்டில் பெரிய நூலகம், மேல்நாட்டு இசைத்தட்டுகள், ஓவியங்கள். நம்மைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர் அல்ல. தாத்தாவே மைசூர் சமஸ்தானத்தில் கல்வித் துறையின் உயர் அதிகாரியாக இருந்தவர். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வசதி அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. அந்த வசதியை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

1927ல் 18 வயதில் கேம்பிரிட்ஜ் போனார். நம்ம வயசுதான்! நம்ம பிராஞ்ச்தான், மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! குடும்பத்தின் கணக்கு என்னவென்றால், பையன் இன்ஜினியராகத் திரும்பி வந்து ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் சேர வேண்டும். ஆனால் அங்கே போனதும் பாபாவின் மனசு இயற்பியலிலும் கணிதத்திலும் விழுந்துவிட்டது. அப்பாவுக்குக் கடிதம் எழுதி, இன்ஜினியரிங் தன் வழி இல்லை, இயற்பியல்தான் வழி என்று மன்றாடினார்.

அப்பா கோபப்படவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். முதலில் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பில் தேறு, பிறகு கணிதம் படிக்கப் பணம் தருகிறேன். பாபா 1930ல் மெக்கானிக்கலில் முதல் வகுப்பு. 1932ல் கணிதத்திலும் முதல் வகுப்பு! பிடிக்கவில்லை என்று பாதியில் ஓடவில்லை பாருங்கள். எடுத்ததை முடித்துவிட்டுத்தான் பிடித்ததற்குப் போனார். அந்த இன்ஜினியரிங் பின்னாளில் அணு உலை கட்டும்போது அவருக்குக் கை கொடுத்தது.

அவர் இருந்த காலத்தில் கேம்பிரிட்ஜ் இயற்பியலின் திருவிழாக் கூடமாக இருந்தது. 1932ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது அங்கேதான். பாபா 1935ல் டாக்டர் பட்டம் பெற்றார். எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்டது இன்றும் உலகம் முழுக்க 'பாபா சிதறல்' என்றே அழைக்கப்படுகிறது. 1937ல் வால்டர் ஹைட்லர் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எப்படி மழை போலப் பெருகுகின்றன என்று விளக்கினார். வேகமாக வரும் ஒரு எலெக்ட்ரான் அணுக்கருவின் அருகில் போகும்போது ஒளித்துகளை வெளிவிடும். அந்த ஒளித்துகள் எலெக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக மாறும். அவை மறுபடியும் ஒளித்துகளை வெளிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி... இந்தப் பெருக்கம் காற்றில் நடக்க நெடுந்தூரம் தேவை. ஈயத் தகட்டில் சில சென்டிமீட்டரிலேயே நடந்துவிடும். காரணம், ஈயத்தின் அணுக்கரு கனமானது. பாபாவின் வாழ்க்கையில் கன உலோகம் இப்படி ஆரம்பத்திலேயே நுழைந்துவிட்டது.

திரும்பிப் போக முடியாத லீவு

1939ல் லீவுக்கு இந்தியா வந்தார். இரண்டாம் உலக யுத்தம் வெடித்தது. திரும்பிப் போக முடியவில்லை. நாமாக இருந்தால் எல்லாம் போச்சே என்று தலையில் கை வைத்திருப்போம். அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் நம்ம தமிழ்நாட்டு மேதை சர் சி. வி. ராமன். 1941ல், 31 வயதிலேயே, பாபா லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

யுத்தம் முடிந்தபின் மேல்நாட்டில் சுகமாக வேலை கிடைத்திருக்கும். ஆனால் 1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அணுசக்தி வரும் காலத்தில் நிபுணர்களுக்காக வெளிநாட்டைப் பார்த்து நிற்காமல், இங்கேயே தயார் செய்ய ஒரு நிலையம் வேண்டும் என்பது அதன் சாரம். தேதியைக் கவனியுங்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்டில். அணுசக்தி என்றால் என்னவென்று சாதாரண உலகம் அறிவதற்கு முன்பே எழுதிய கடிதம் இது! 1945ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. 1948ல் அணுசக்தி கமிஷன் அமைந்தது, தலைவர் பாபா. 1954ல் அணுசக்தித் துறை, செயலாளரும் அவரே.

கடற்கரை மணலில் இருந்த பொக்கிஷம்

இப்போது நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் மோனசைட் என்ற தாது மணலில் கலந்து கிடக்கிறது. பாபா பிறந்த அதே 1909ல்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலிலிருந்துதான் துப்பு கிடைத்தது என்று சொல்வார்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. 1828ல் ஸ்வீடன் விஞ்ஞானி பெர்ஸீலியஸ் கண்டுபிடித்து, இடிக் கடவுள் தோரின் பெயரை வைத்த உலோகம் இது. அப்போது இதற்கு என்ன உபயோகம்? பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில்! கல்யாண வீட்டிலும் திருவிழாக் கடையிலும் நம்ம தாத்தா காலத்தில் பளீரென்று எரிந்த வெளிச்சத்தின் பின்னால் இருந்தது இந்தக் கன உலோகம்தான்.

பாபா இதை வேறு கண்ணால் பார்த்தார். அலுமினிய அணுக்கருவில் 27 துகள்கள். யுரேனியத்தில் 238, தோரியத்தில் 232. இவ்வளவு துகள்கள் நெருக்கியடித்து நிற்கும் சில கருக்களை ஒரு நியூட்ரான் தட்டினால் போதும், உடைந்து பெரும் சக்தியைக் கொடுக்கும். லேசான அலுமினியத்தை இப்படி உடைத்துச் சக்தி எடுக்க முடியாது. கனமாக இருப்பதுதான் இங்கே பலம்!

ஆனால் ஒரு சிக்கல். இந்தியாவில் யுரேனியம் குறைவு, அதுவும் தரம் குறைந்த தாது. தோரியமோ ஏராளம். நம் கடற்கரைகளில் ஒரு கோடி டன்னுக்கு மேல் மோனசைட், அதில் சுமார் 10 லட்சம் டன் தோரியம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் தோரியம் தானாகப் பற்றாது. ஈர விறகு மாதிரி. அது ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு யுரேனியம் 233 ஆக மாறிய பிறகுதான் எரிபொருள்.

அதற்குப் பாபா போட்ட திட்டம்தான் புகழ் பெற்ற மூன்று கட்டத் திட்டம். 1954ல் டெல்லியில் நடந்த மாநாட்டில் இதை முன்வைத்தார். முதல் கட்டத்தில் இயற்கை யுரேனியத்தை எரித்து மின்சாரம் எடுப்பது, கூடவே உண்டாகும் புளூட்டோனியத்தைச் சேர்த்து வைப்பது. இரண்டாம் கட்டத்தில் அந்தப் புளூட்டோனியத்தைப் போட்டு, எரித்ததை விட அதிக எரிபொருளை உண்டாக்கும் ஈனுலைகளை ஓட்டுவது. மூன்றாம் கட்டத்தில் தோரியத்தை யுரேனியம் 233 ஆக்கி எரிப்பது. தன் ஆயுளுக்குள் முடியாது என்று தெரிந்தே போட்ட திட்டம். பேரன் சாப்பிடுவான் என்று பனங்கொட்டை ஊன்றுகிற பெரியவர் மாதிரி!

வேலையும் வேகமாக நடந்தது. 1955ல் டிராம்பேயில் தோரிய ஆலை. அதே ஆண்டு ஜெனீவாவில் ஐ.நா. நடத்திய அமைதிக்கான அணுசக்தி மாநாட்டுக்குத் தலைவர் நம்ம பாபா. 1956 ஆகஸ்ட் 4ல் 'அப்சரா' உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டன் தந்தது, உலையைக் கட்டியது நம்மவர்கள். 1957ல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி. இந்தியாவின் விண்வெளி ஆராய்ச்சிக்கு விக்ரம் சாராபாயைத் தூக்கிவிட்டவரும் பாபாதான்.

இத்தனைக்கும் நடுவில் ஓவியம் வரைந்தார், பீத்தோவன் இசையில் மூழ்கினார். கட்டடம் கட்ட மரம் குறுக்கே நின்றால் வெட்ட விடமாட்டார், வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வைப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1966 ஜனவரி 24. வியன்னாவுக்குப் போகும் வழியில் அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் இறந்தார்கள். பாபாவுக்கு வயது 56. மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் சூட்டப்பட்டது.

கனம் யார் தோளில்?

அவர் போனபின் திட்டத்தின் பெரும்பகுதி வந்து இறங்கியது நம்ம கல்பாக்கத்தில். இந்தியர்களே கட்டிய சென்னை அணுமின் நிலையம் 1983ல் இயங்கியது. 1985ல் சிறிய ஈனுலை. 1996ல் 'காமினி' என்ற 30 கிலோவாட் உலை. தோரியத்திலிருந்து எடுத்த யுரேனியம் 233ல் ஓடுவது அது! மூன்றாம் கட்டத்தின் சின்ன விதை நம்ம மாவட்டத்தில்தான் முளைத்தது. 500 மெகாவாட் பெரிய ஈனுலையில் உலை மையத்தை நிரப்பும் பணியின் தொடக்கத்தை 2024 மார்ச் 4ல் பிரதமர் நேரில் வந்து பார்த்தார்.

புகழ்ந்தது போதும், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாபா எதிர்பார்த்த வேகம் வரவில்லை. நாட்டின் மின்சாரத்தில் அணு மின்சாரம் இன்னும் சுமார் 3 சதவீதம்தான். அதே புளூட்டோனியம்தான் 1945ல் நாகசாகியை எரித்தது, 1974ல் பொக்ரானிலும் வெடித்தது. மணவாளக்குறிச்சியில் மணல் எடுப்பதைப் பற்றியும், அணு உலைகளைப் பற்றியும் கடலோர மக்களுக்குப் பயமும் கேள்விகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் உலைக்குள் எதுவும் ஆகவில்லை, பத்திரமாக நிறுத்தினார்கள். ஆனால் பக்கத்து ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. கேள்வி கேட்பவர்களைப் படிக்காதவர்கள் என்று தள்ளிவிடுவது விஞ்ஞானம் ஆகாது. அதற்குப் பெயர் தலைக்கனம்!

இது எனக்குப் புத்தக விஷயம் மட்டுமல்ல. காயலான் கடையில் பழைய பேட்டரியை உடைத்து ஈயத் தகடு எடுக்கும் வேலையும் உண்டு. ஈயம் ரத்தத்தில் சேரும், நரம்பைக் கெடுக்கும், சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். இதைப் படித்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். கையுறை போடணும், சோப்பு போட்டுக் கை கழுவாம சாப்பிடக் கூடாது, வேலைச் சட்டையோட தங்கச்சியைத் தூக்கக் கூடாது என்று. அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். மறுநாள் வேலைச் சட்டையைத் தனியா ஒரு பையில் போட்டு வாசலிலேயே மாட்டினார். எங்க வீட்டில் ஒருத்தன் படித்ததற்கு இதுவரை கிடைத்த பெரிய பலன் இதுதான். கன உலோகத்தைத் தூக்குகிறவனுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அறிவு மேலேயும் கனம் கீழேயும் இருந்தால் அது நியாயமில்லை.

நண்பர்களே! பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் கல்பாக்கத்திலும் டிப்ளமோ படித்தவர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் திட்டம் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். நாம வெறும் டிப்ளமோதானே என்று நினைப்பவர்கள், உலையின் பம்பையும் வால்வையும் வெல்டிங்கையும் பார்ப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். பாபாவின் வசதி நமக்கு இல்லை. ஆனால் பிடித்ததைத் தேடுவதும், எடுத்ததை முதல் வகுப்பில் முடிப்பதும், நம் ஆயுளைத் தாண்டிய காரியத்துக்கு அஸ்திவாரம் போடுவதும் வசதியால் வருவதல்ல.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாமெல்லாம் ஒரு விதத்தில் தோரியம் மாதிரிதான். பற்றிக்கொள்ள யாராவது ஒருவர் ஒரு நியூட்ரான் கொடுக்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கிடைத்துவிட்டது. இனி நமக்குப் பின்னால் வருகிறவனுக்குக் கொடுக்க வேண்டியது நம்ம முறை.

கற்போம்! கற்றதை வீட்டுக்கும் கொண்டு போவோம்!

– டிப்ளமோ மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு மாணவன், ஊரப்பாக்கம்